ஷாஃப்ட்டுக்கு உயிர் கிடையாது

"தலைல கீற முடியெல்லாம் ஆண்டவரு எண்ணி வச்சுகீறாருன்னா, சீப்புல வர்ற முடிய இன்னா பண்ணுவாரு டீச்சர்? கழிச்சுடுவாரா?"

பத்து வயதில் நேத்ரா கேட்ட கேள்வி இது. சர்ச் ஞாயிறு வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். பாடம் நடத்திய ஜூடித்தும் சிரித்தாள். பதில் தெரியாததால் ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் கொடுத்து அன்றைய வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்று சனிக்கிழமை, காலை பதினொரு மணி. கோலாரின் பாலகாட்டில், கைவிட்டுப்போன ஒரு பழைய தங்கச் சுரங்க ஷாஃப்ட்டின் வாயருகே ஜூடித் நின்றுகொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து நேத்ராவைக் காணவில்லை.

சுற்றுச்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே முள்செடிகள், அவற்றின் நடுவே கம்பிவலை பாதி பிய்ந்த பெரும் பள்ளம். தீயணைப்பு வீரர்கள் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். கயிறு தீர்ந்துவிட்டது, இருட்டு தீரவில்லை. எங்கோ ஆழத்தில் தண்ணீர் மட்டும் ஒருமுறை மினுங்கிவிட்டு மறைந்தது. விளக்கை மேலே இழுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சுற்றி நூறு பேர் இருந்தார்கள். நூறு பேருக்கும் கை இரண்டு இருந்தது. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

நேத்ராவின் அப்பா மோசஸ் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சுரங்கம் மூடும்வரை வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறக்கி, பத்திரமாக மேலே ஏற்றியவர். இப்போதும் அவருடைய வலது கை, இல்லாத லீவர் ஒன்றை முழங்காலின் மேல் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

"கேஜ் மட்டும் இருந்தா நானே ஏத்திடுவேன் ஜூடித்தம்மா," என்றார். "எத்தினி ஆயிரம் பேர ஏத்தினவன். எம் பொண்ணு ஒருத்திய ஏத்த முடியல பாருங்க."

ஜூடித்துக்கு ஐம்பது வயது. ஆண்டர்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் 'ஜூடித் விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. கல்யாண விசாரிப்பு, காணாமல் போன ஆடு, ஓடிப்போன மாப்பிள்ளை என்று பல கேஸ்கள் பார்த்திருக்கிறாள். துப்புத் துலக்குவதில் அவளுக்கு இருந்த ஒரே வித்தை, எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பது. இன்று அந்த வித்தைகூட அவளுக்குப் பயந்து எங்கோ ஒளிந்துகொண்டது போலிருந்தது. மனசுக்குள் ஜெபம் செய்ய ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ரோனி அவளுடைய உதவியாளன். முப்பத்து நாலு வயது, சொந்த ஆட்டோ, சொந்த வாய்.

"போன கேஸ்ல காணாமப் போன சர்ச் மணிக்கயிறு ஆட்டுக் கழுத்துல கெடச்சுது அக்கா. இதுவும் அந்த மாதிரி..."

"வாய மூடு ரோனி."

"மூடினா பயமா கீது. அதான் தொறக்கறேன்."

ஜூடித் அவனைத் திட்டவில்லை.

நேத்ராவின் அம்மா தெரசா, மார்போடு அணைத்து வைத்திருந்த ஒரு காகிதத்தை ஜூடித்திடம் நீட்டினாள். "தலகாணி மேல கெடந்துச்சுக்கா. போன் பண்ணா சுவிட்ச் ஆஃப். ஆடு மேய்க்கற பையன் ஒருத்தன், விடிகாலைல தலைல துப்பட்டா போட்ட பொண்ணு இந்தப் பக்கம் போச்சுன்றான்."

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அவசரக் கையெழுத்து.

'அப்பா, அம்மா, ஷாஃப்ட் வரைக்கும் போயிடுச்சு. ஷாஃப்ட்டுக்கு உயிர் கிடையாது. இனி ஒண்ணும் பண்ண முடியாது. நான் செஞ்ச தப்புக்கு நான்தான் கொடுக்கணும். என்னோட முடி'

அதற்குப் பிறகு ஒரு சிவப்புக் கறை, எழுத்தை விழுங்கியிருந்தது. கறைக்குக் கீழே, 'என்னைத் தேட வேணாம். முடிச்சுட்டு' என்று இருந்தது. மறுபடியும் கறை.

"என்னோட முடிவுன்னு எழுதிகீறா," என்றாள் தெரசா. "முடிச்சுட்டுப் போறேன்னு எழுதிகீறா. ரத்தத்தோட எழுதிகீறாக்கா."

மோசஸ் தலையைத் தூக்கினார். "எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். கொஞ்ச நாளா சாப்பிட உக்காந்தா ஷாஃப்ட் ஷாஃப்ட்னுதான் பேசுவா. ஷாஃப்ட்ல ஈரம் இல்லன்னா ஒடஞ்சு போவும்பா. நான், இல்லம்மா, ஈரம் இருந்தாதான் சரியும்னேன். அவ சிரிச்சா. போங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா. முப்பது வருஷம் ஷாஃப்ட் பாத்தவன்கிட்ட!"

அவர் மறுபடியும் பள்ளத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ஜூடித் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தெரசாவின் கையில் திணித்தாள். அதைத் தவிர அந்த இடத்தில் அவளால் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை.

சுவருக்கு வெளியே, ஆட்டோவின் நிழலில் அவள் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ரத்தம் காஞ்சா கறுக்கும். இது இன்னும் சிவப்பாவே கீது. காயிதத்துல ஊறிப் பின்பக்கம் கண்ணாடி மாதிரி தெரியுது பாரு. மோந்து பாத்தா தேங்காயெண்ணெ வாசன. ரத்தத்துக்குத் தேங்காயெண்ணெ வாசன வருமா?"

"எங்க மாமியார் ரத்தமா இருந்தா வரும். தலைக்கு அரை லிட்டர் வைக்கும்."

"இது இன்னா?" காகிதத்தின் நடுவில், எழுத்துக்கு அடியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பழுப்புப் பட்டைகள். விரல் நீளம், விரல் அகலம்.

"எரிக்கப் பாத்து மனசு மாறிட்டாளோ?"

"எரிக்கறவங்க ஓரத்துல பத்த வைப்பாங்க. நடுவுல அளவெடுத்து எரிப்பாங்களா?"

தாளைத் திருப்பினாள். பென்சிலில் ஒரு படம். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு காதுகள். ஆனால் வெட்டும் வாய்க்குப் பதிலாக உருண்டையான ஒரு கோலும், அதைக் கவ்வும் ஒரு தகடும்.

"அண்டர்கிரவுண்ட் குறடு," என்றான் ரோனி. "மோசஸ் அண்ணனும் அதத்தான் சொன்னாரு."

"இந்த ஊர்ல இரும்புக் கருவின்னு இன்னா வரஞ்சாலும் அண்டர்கிரவுண்ட் சாமான்தான். நேத்ரா எங்க வேல கத்துக்கறா?"

"பாக்யா பியூட்டி பார்லர்ல."

"ஏறு."

பார்லரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அதன் உரிமையாளர் பாக்யலட்சுமி, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்த கை அவளுடையது. அந்தக் கை இப்போது மடியில் ஒரு துண்டைத் திருகிக்கொண்டிருந்தது.

"கெடச்சுட்டாளா மேடம்?" என்றாள் பதறி எழுந்து.

ஜூடித் இல்லையென்று தலையசைத்தாள். பாக்யலட்சுமி திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள்.

சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. டிப்ளமோ தேர்வுக்காக நேத்ரா தயார்செய்த ப்ராஜெக்ட் அது. 'தலைமுடிக் கருவிகளின் கதை' என்று கலர் பேனாவில் தலைப்பு. வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கிய சாமான்கள், ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. மாட்டுக்கொம்பில் செய்த பேன்சீப்பு. சீயக்காய்ப் பொடி வைத்த தகர டப்பா. 'ஷாம்பு வருவதற்கு முன்னால் எல்லாருக்கும் இதுதான், கண் எரிந்தாலும் இதுதான்' என்று குறிப்பு. துரைமார் தலை பளபளக்கப் பூசிக்கொண்ட வாசனைப் பசையின் காலி டின். கையால் அமுக்கிக் கிராப் வெட்டும் மெஷின், 'இது முடியை வெட்டுவதைவிடப் பிடுங்குவதே அதிகம் என்று அப்பா சொன்னார்.' சட்டைப்பை அளவுக்குச் சுருட்டி வைத்த கொண்டை வலை. முதன்முதலில் கரண்ட்டில் ஓடிய, பூண் போட்ட பூசணிக்காய் மாதிரியான ஒரு ஹேர் டிரையர்.

ரோனி ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தான். "மனுசன் இந்த ஒரு கூடை மசுருக்கு எவ்ளோ பாடுபட்டுகீறான் அக்கா! எனக்கு அந்தத் தொல்லயே இல்ல," என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். பிறகு, "இங்க ஒண்ணு காலியா கீதே?" என்றான்.

ஒரு சீட்டின் மேல் மட்டும் சாமான் இல்லை. 'கரி அடுப்பில் காயவைத்து முடியைச் சுருட்டும் இரும்பு டாங்ஸ். பங்களா ஏலத்தில் எடுத்தவர் வீட்டிலிருந்து. நூறு வயது இருக்கலாம்.'

பாக்யலட்சுமி மெதுவாக மேஜை டிராயரைத் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றி இருந்தது. காகிதத்தின் பின்னால் வரைந்திருந்த அதே குறடு. அதன் வாயில் கறுப்பாக, உருகிய நூல் போல் ஏதோ ஒட்டியிருந்தது. கருகிய முடி வாசனை அறை முழுதும் பரவியது.

ஜூடித் டாங்ஸைக் காகிதத்தின் மேல் வைத்தாள். கோல் ஒரு பழுப்புப் பட்டையிலும் தகடு இன்னொன்றிலும் கச்சிதமாகப் பொருந்தின.

"சூடு பாக்கறது மேடம்," என்றாள் பாக்யலட்சுமி, தரையைப் பார்த்தபடி. "அந்தக் காலத்துல சூட்ட அளக்க இன்னா கீது? மொதல்ல காயிதத்துல வெப்பாங்க. காயிதம் பழுப்பாச்சுன்னா முடி பொசுங்கிடும், ஆற விடணும். நேத்ராதான் எங்கியோ படிச்சுட்டு வந்து எனக்கே சொல்லிக் குடுத்தா."

"இந்தக் காயிதம் பழுப்பாதானே ஆகிகீது?"

ஜூடித் அடுத்த கேள்வி கேட்கவில்லை. காத்திருந்தாள்.

"நேத்து மத்தியானம் கரண்ட் இல்ல," என்று கடைசியில் ஆரம்பித்தாள் பாக்யலட்சுமி. "ஸ்வப்னான்னு ஒரு பொண்ணு. ஞாயித்துக்கெழம நிச்சயதார்த்தம். நேத்து சாயந்தரம் ஸ்டுடியோல போட்டோ எடுக்கணும், இப்பவே சுருள் வச்சாவணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நேத்ரா இந்த டாங்ஸ காஸ் அடுப்புல காய வச்சா. காயிதத்துல வச்சுப் பாத்துட்டு, அக்கா பழுப்பாவுது, ஆறட்டும்னா. நான்தான்..." துண்டை இன்னும் இறுக்கித் திருகினாள். "ஒண்ணும் ஆவாது, வைடின்னேன். நாலு பேர் காத்துகினு இருந்தாங்க மேடம். வச்சா. காதோரம் ஒரு கைப்பிடி முடி அப்படியே டாங்ஸோட வந்துடுச்சு."

"அப்புறம்?"

"ஸ்வப்னாவோட அம்மா வந்து தெருவுல நின்னு கத்துனாங்க. உன் கை வெளங்காதுடின்னு நேத்ராவப் பாத்துச் சாபம் குடுத்தாங்க. ராத்திரி பூரா போன்ல வேற. நான் சொல்லித்தான் செஞ்சான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல. கட பேரு போயிடும்னு சும்மா நின்னேன். அவளும் என்னக் காட்டிக் குடுக்கல."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "கொஞ்சம் எண்ணெ வச்சு ஒடயாம நிறுத்தலாம்னு ரெண்டு பேரும் பாத்தோம். வேர் தப்பிச்சுது. ஆனா ஷாஃப்ட் போச்சு. ஒண்ணும் பண்ண முடியல."

"எது போச்சு?" என்றாள் ஜூடித்.

"ஷாஃப்ட் மேடம்."

"எந்த ஷாஃப்ட்?"

பாக்யலட்சுமி துண்டை விலக்கி, இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். தன் தலையிலிருந்து ஒற்றை முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுதான் மேடம். தோலுக்குள்ள கீறது வேரு. வெளில கீற இந்தத் தண்டுக்குப் பேரு ஷாஃப்ட். உயிர் வேர்லதான். ஷாஃப்ட்டுக்கு உயிர் கிடையாது. அதான் வெட்டினா வலிக்கறதில்ல. மொத நாள் பாடமே இதுதான்."

வெளியே ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ரோனிதான் முதலில் வாய் திறந்தான். "ஈரம் இல்லன்னா ஒடஞ்சு போவும்! அக்கா, தெனமும் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி அவ முடியப் பத்திப் பேசிகினு இருந்திருக்கா. அவங்கப்பா சுரங்கத்துக்கு வைத்தியம் சொல்லிகினு இருந்திருக்காரு!"

"கோலார்ல பொறந்த யாருக்குத்தான் வேற ஷாஃப்ட் தெரியும்?" என்றாள் ஜூடித். "நூறு பேர் படிச்சாங்க. நானும் படிச்சேன். ஒருத்தருக்கும் தோணல."

"அப்ப அவ உசுரோட கீறா! மோசஸ் அண்ணனுக்குப் போன் போடுங்க!"

ஜூடித் போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். "இந்தக் காயிதம் அவ எங்க போவலன்னுதான் சொல்லுது ரோனி. எங்க போனான்னு சொல்லல. ராத்திரி பூரா சாபம் கேட்ட பொண்ணு. அவ உசுரோட கீறான்னு நான் சொல்லி, அப்புறம் வேற மாதிரி ஆயிட்டா? அந்தத் தாய நானே ரெண்டாவது தடவ பள்ளத்துல தள்ளி விடணுமா?"

அவளுக்கு அந்த இடத்தில் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க முடியாமல் நிற்பது, ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிடக் கொடுமை. தெரசாவைக் கூப்பிட்டு, "தண்ணி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு வாய் குடிங்க. நான் சொல்றேன்ல, குடிங்க." வைத்துவிட்டாள்.

பிறகு காகிதத்தை மேஜையில் விரித்தாள். "இந்தச் செவப்பு எண்ணெ?"

"வேம்பாளம்பட்ட ஊறப் போட்ட எண்ணெ மேடம். ஸ்வப்னா தலைக்கு வச்சது. பாட்டில நேத்ராதான் வீட்டுக்கு எடுத்துகினு போனா."

"அந்த எண்ணெக் கையோட எழுதிகீறா. 'என்னோட முடி', அதுக்கப்புறம் கறை. எல்லாரும் முடிவுன்னு படிச்சோம். முடிவு ஒரு பொருளா கீது, 'நான்தான் கொடுக்கணும்'னு சொல்றதுக்கு? 'என்னோட முடிய'ன்னு எழுதிருந்தா?" ஜூடித் நிமிர்ந்தாள். "நேத்ராவுக்கு எவ்ளோ நீள முடி?"

"இடுப்புக்குக் கீழ," என்ற பாக்யலட்சுமியின் கண்கள் விரிந்தன. "மேடம்! நேத்து கடய மூடறப்ப கேட்டா. ஒரு சாண் சவுரி கட்ட எவ்ளோ நேரம் ஆவும்க்கான்னு. நான் எரிஞ்சு விழுந்தேன்."

"சவுரி யாரு கட்டுவாங்க?"

"இந்த எண்ணெய காய்ச்சித் தர்ற பார்வதம்மாதான். பூதிகோட்ட."

ஜூடித் கதவருகே போய்த் திரும்பினாள். திட்டுவாள் என்று பாக்யலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஷட்டர முழுசாத் தொறந்து வைங்க," என்றாள் ஜூடித். "அவ திரும்பி வந்தா, இந்தக் கட தொறந்து இருக்கணும்."

பூதிகோட்டைக்கு ஆட்டோவில் போய்ச் சேரும்போது மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. வழியெல்லாம் தக்காளித் தோட்டங்கள். வழியெல்லாம் ரோனியின் வாய்.

"கரண்ட் இல்லன்னா போட்டோவத் தள்ளிப் போட்டா இன்னா? எங்க கல்யாணத்துல எடுத்த போட்டோல நான் கண்ண மூடிகினு கீறேன். இன்னி வரைக்கும் பொண்டாட்டி, அன்னிக்கே மூடிட்டியேன்றா."

ஜூடித் சிரிக்கவில்லை. அவன் அதற்காக வருத்தப்படவும் இல்லை. ஒவ்வொரு கிணற்றையும் கடக்கும்போது வண்டி கொஞ்சம் மெதுவாகப் போனதை இருவருமே கவனிக்காதது போல் இருந்துவிட்டார்கள்.

பார்வதம்மா வாசலிலேயே வழிமறித்தாள். கட்டையான உருவம், விரல் நுனியெல்லாம் எண்ணெய்ச் சிவப்பு. கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ்.

"யாரூ வரலம்மா. நான் ஒப்பளே கீறேன். ஒண்டியா."

"ஒரு பொண்ணு, இருபத்திரண்டு வயசு..."

"இல்லம்மா, தேவுடு சத்தியமா... சத்தியம் எல்லாம் எதுக்கு? இல்லன்னா இல்ல."

சத்தியத்தைப் பாதியில் நிறுத்திய அந்த வாயை ஜூடித் குறித்துக்கொண்டாள். பார்வதம்மாவின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். இரண்டு ஆணிகளுக்கு நடுவே நூல் இழுத்துக் கட்டி, அதில் கொத்துக் கொத்தாக முடியை முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. பாதி வேலை முடிந்த சவுரி.

"நல்லா கட்டுறீங்கம்மா. ஊர்ல சிக்குமுடி வாங்கிதானே கட்டுவீங்க? ஸ்டீல் பாத்திரத்துக்கு மாத்திக்கற முடி?"

"ஹௌதும்மா. ஆமா. அதான்."

"வாரி விழற முடி நீளமும் குட்டையுமா சிக்கிகினு இருக்கும். இது ஒரே நீளம், ஒரே பக்கம் வெட்டு. இன்னும் சீயக்கா ஈரம் கூடக் காயல."

பார்வதம்மாவின் கண்களில் திருட்டு இல்லை. யாருக்கோ கொடுத்த வாக்கு இருந்தது. அதை உடைக்கச் சொல்ல ஜூடித்துக்கு மனம் வரவில்லை. அவள் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி ரோனியிடம் சொன்னாள்:

"சரி, போலாம் வா. பாலகாட் ஷாஃப்ட்கிட்ட மோசஸ் காலைலேந்து பச்சத் தண்ணி இல்லாம உக்காந்துகீறாரு. பொண்ணு உள்ள வுழுந்துட்டான்னு லைட் வுட்டுத் தேடுறாங்க. நாமளும் போயி நிப்போம்."

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது.

"எந்த ஷாஃப்ட்?"

நேத்ரா நின்றாள். தலையில் ஈரத் துண்டு. துண்டு நழுவியபோது, காதுக்கு மேல் ஒட்ட வெட்டிய முடி தெரிந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் இல்லாத அவள், ஞாயிறு வகுப்புக்கு வந்த அந்தப் பத்து வயதுப் பெண்ணைப் போலவே இருந்தாள்.

"நான் முடியோட ஷாஃப்ட்டத்தானே டீச்சர் எழுதினேன்! பாலகாட் வழியா பஸ் புடிக்கத்தானே போனேன்! என்னோட முடிய குடுக்கறேன், தேட வேணாம், முடிச்சுட்டு வரேன்னுதானே எழுதினேன்! தெனம் இதத்தான பேசறேன், அம்மாவுக்குப் புரியும்னு..." நழுவிய துண்டைக் குனிந்து எடுத்தாள். "அவங்க கேக்கவே இல்லையா டீச்சர்? நான் பேசனது ஒண்ணுகூடவா?"

ஜூடித்திடம் இதற்கும் பதில் இல்லை. மோசஸுக்குப் போன் போட்டு நீட்டினாள்.

மறுமுனையில் மோசஸ் எடுத்தார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். "அப்பா," என்றாள் நேத்ரா. கேஜ் வாயில் நின்று கேட்பவரைப் போல அவர் கேட்டார்:

"மேல வந்துட்டியா?"

"வந்துட்டேம்பா."

ரோனி வேகமாக வெளியே போய், ஆட்டோ டயரை ஒரு காரணமும் இல்லாமல் எட்டி உதைத்துக்கொண்டிருந்தான்.

சவுரி முடிய நாலரை மணி ஆனது. பார்வதம்மா கடைசி முடிச்சைப் போட்டு, எண்ணெய் தடவி, சீப்பால் வாரி, பழைய புடவைத் துணியில் சுற்றி நேத்ராவின் மடியில் வைத்தாள். "யாருக்குன்னு நான் கேக்கல. நீயும் சொல்லல," என்றாள்.

வண்டி ஊருக்குள் நுழைந்ததும், "அம்மாகிட்டப் போறதுக்கு முன்னாடி ஸ்வப்னா வீட்டுக்குப் போவணும் டீச்சர்," என்றாள் நேத்ரா.

"உன் அம்மா வாசல்ல நிக்கறாங்கம்மா."

"தெரியும். ஆனா வீட்டுக்குப் போனா ஊரே வந்துடும். அப்புறம் என்னால தனியா வெளில வர முடியாது. நான் குடுத்தது யாருக்காவது தெரிஞ்சா, நாளைக்கு மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி ஸ்வப்னா தலைல கீறது பொய் முடின்னு பேசுவாங்க." துணிப்பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதால ஒண்ணும் சரியாவாது டீச்சர். அவ முடி வளர வருஷக்கணக்கு ஆவும். அவங்கம்மா சாபம் போயிடாது. இது நாளைக்கு ஒரு நாளுக்குத்தான்."

அது உண்மை. "ரோனி, பின்பக்கச் சந்துக்குப் போ," என்றாள் ஜூடித்.

ஸ்வப்னா வீட்டு முன்வாசலில் பந்தல் போட்டு, சீரியல் பல்ப் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்சந்தில் ஆள் இல்லை. துணி துவைக்கும் கல்லும், வெளிச்சம் தெரியும் ஒரு ஜன்னலும்தான் இருந்தன. நேத்ரா இறங்கினாள்.

"வண்டிய அந்தப் பக்கமாத் திருப்பி நிறுத்து," என்றாள் ஜூடித்.

"திருப்பினாலும் கண்ணாடில தெரியும் அக்கா."

"கண்ணாடியயும் திருப்பு."

ஒன்பது வருஷமாக ஊரில் எல்லார் வீட்டு ரகசியத்தையும் எட்டிப் பார்த்துப் பிழைத்தவள் கண்களை மூடிக்கொண்டாள். ரோனி கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, ஹேண்டில் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பந்தலில் யாரோ பாட்டுப் போட்டார்கள். சந்தில் நடந்தது என்ன, எவ்வளவு நேரம் நடந்தது, ஜன்னல் திறந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பாட்டுச் சத்தத்தில் கரைந்துவிட்டது.

பின்சீட் ஒரு பக்கம் தாழ்ந்தபோதுதான் ஜூடித் கண்ணைத் திறந்தாள். நேத்ராவின் மடி காலியாக இருந்தது. விரல்களில் மட்டும் எண்ணெய்ச் சிவப்பு. ஜூடித் தன் கைக்குட்டையை எடுத்து, ஒன்றும் கேட்காமல், அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

"போலாம் ரோனி."

வண்டி கிளம்பியது. மோசஸ் வீடு வரைக்கும் ரோனி அந்தக் கண்ணாடியைத் திருப்பி வைக்கவே இல்லை.